எல்லோருக்கும் போன செய்தி

ப்ரோக்ராம் எழுதுகிறவனிடம் அவன் எழுதியதைப் பற்றிக் கேட்டால் லேசில் நிறுத்த மாட்டான். அதற்காக முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள், கார்ப்பரல். என் மனைவி இருந்த காலத்தில் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்து நிறுத்துவாள். இப்போது மிதிக்க ஆளில்லாததால் கொஞ்சம் நீளும்.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு விஷயத்தைத் திருத்துவதற்காக. போன வாரம் ஊர்க் கூட்டத்தில் தீயணைப்புப் படைத் தலைவர் எழுந்து, கர்லிங் கிளப்பில் இருந்த எச்சரிக்கை ப்ரோக்ராம் வேலை செய்யவில்லை, அதனால்தான் ரஸ் கீலரும் டெல்பர்ட்டும் செத்துப்போனார்கள் என்று சொன்னார். கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. யாரும் முறைக்கவில்லை. ‘பாவம், கிழவன் ஆசையாகச் செய்து கொடுத்தான், சொதப்பிவிட்டது’ என்கிற பார்வை. திட்டியிருந்தால் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ப்ரோக்ராமை எழுதியவன் நான். அது வேலை செய்தது. எப்படி என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு தானியக் கம்பெனிக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். கோதுமை லாரியை எடை போடும் மேடை, அந்த எடையை ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அது மாதிரியான வேலை. ஓய்வு பெற்ற பிறகு கையும் மூளையும் சும்மா இருக்கவில்லை. கிளப்பில் ஐஸ் மேல் கல்லைச் சறுக்கி விடுகிற கர்லிங் ஆட்டம் நான்கு ஒரே நேரத்தில் நடக்கும். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் பாரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்த ஆட்டத்தில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று தெரியாது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். நான் திரைகள் வைத்து அதில் ஸ்கோர் காட்டுகிறேன் என்றேன். கிளப் தலைவர் ரஸ் கீலர். என் அணிக்கும் அவன்தான் தலைவன். நாற்பது வருஷச் சிநேகிதன்.

“உனக்கு வேலை இல்லன்னா எங்க தலையில ஏறாதடா,” என்றான். “சரி, பண்ணித் தொலை. ஆனா காசு கீசு கேக்கக் கூடாது.”

“கேட்டேனா?”

“கேக்க மாட்ட. அதனாலதான உன்னை வச்சுக் குப்பை கொட்டுறேன்.”

நாங்கள் பேசிக்கொள்வது இப்படித்தான். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

விஷயம் சின்னது. ஒரு மெஷினில் இருக்கும் ப்ரோக்ராம் இன்னொரு மெஷினோடு பேச வேண்டுமென்றால் சாக்கெட் என்று ஒன்றைத் திறக்க வேண்டும். வழக்கமாக, யாருக்குப் போக வேண்டுமோ அந்த ஒருவருடைய முகவரியைப் போட்டு அனுப்புவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. இன்றைக்கு மூன்று திரை, நாளைக்கு யாராவது நான்காவதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? எனவே ‘எல்லோருக்கும்’ என்று அர்த்தமாகும் ஒரு முகவரி இருக்கிறது, அதற்கு அனுப்பினேன். ப்ராட்காஸ்ட் என்பார்கள். மெஷின் அதை உடனே ஒத்துக்கொள்ளாது. அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். ‘ஆமாம், எல்லோர் காதிலும் விழும்படி கத்தப்போகிறேன், தெரிந்துதான் செய்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுமதி வாங்க வேண்டும். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்குப் பிடிக்கும். இதை வடிவமைத்தவர் நல்ல வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

அனுப்பியாகிவிட்டால் அவ்வளவுதான். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று திரும்ப ஒரு பதிலும் வராது. கேட்கிற பக்கத்தில் இன்னொரு ப்ரோக்ராம் ஒரே ஒரு வரியில் வந்து நின்று காத்திருக்கும். ஏதாவது வந்தால் விழித்துக்கொள்ளும். வராவிட்டால் ஒரு நொடியோ பத்து வருஷமோ அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. இந்தக் கூச்சல் தன் நெட்வொர்க்கைத் தாண்டாது. நடுவில் ஒரு ரவுட்டர் வைத்து நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்துவிட்டால், ஒரு பக்கம் கத்துவது மறுபக்கம் போகாது. ரவுட்டர் அதை அங்கேயே நிறுத்திவிடும். அப்படி நிறுத்தாவிட்டால் உலகத்தில் ஒவ்வொருவர் கத்துவதும் எல்லோர் காதிலும் விழுந்து யாரும் வேலை பார்க்க முடியாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி.

டெல்பர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். கிளப்பில் ஆடுகளத்துக்கு ஐஸ் போடுகிறவர். தரைக்கு அடியில் குழாய் ஓடுகிறது, அதைக் குளிர வைக்கிற இயந்திரத்தில் அம்மோனியா. இயந்திரம் இருப்பது ஐஸ் தளத்தின் கோடியில் ஒரு தனி அறையில். அதை ஒட்டித்தான் என் அறை. முன்பு ஸ்கோர் எழுதுகிறவர் உட்கார்ந்த சின்னக் கூண்டு. அம்மோனியா கசிந்தால் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று இயந்திர அறையில் உண்டு, மணியும் உண்டு. மாடியில் பாட்டுச் சத்தத்தில் அது கேட்காது. டெல்பர்ட்டுக்கும் கேட்காது. அவர் ஐஸ் சீவுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அந்தப் பழைய எஞ்சின் போடும் இரைச்சலுக்குக் காதுமூடி மாட்டியிருப்பார்.

ஒரு நாள் என் கூண்டுக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“ஆல்டன், ஒரு உதவி வேணும்ப்பா. சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கல, சொல்லு.”

“காதுல எப்பவும் இதை மாட்டிருக்கேன். மூக்கு அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் சுத்தமா செத்துப்போச்சு. போன வாரம் எங்க வீட்டுக்காரி பெரோகிக் கொழுக்கட்டையைக் கரிய விட்டுட்டா, வீடெல்லாம் புகை, நான் பாட்டுக்கு உக்காந்து தின்னுட்டிருக்கேன். அந்த ரூம்ல ஏதாவது கசிஞ்சா எனக்கு யாருய்யா சொல்லுவா?”

“என் ப்ரோக்ராம் சொல்லும்.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

“அப்ப இனிமே என் மூக்கு நீதான்,” என்றார். அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய வெண்ணெய்ப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

செய்து கொடுத்தேன். கருவியிலிருந்து ஒரு ஒயர் என் கூண்டில் இருக்கும் மெஷினுக்கு. கசிவு என்று தெரிந்த உடனே என் மெஷின் எல்லோருக்கும் கத்தும். மாடியில் எல்லாத் திரையும் சிவப்பாகும், ஹாரன் அலறும். டெல்பர்ட் தள்ளும் வண்டியின் கைப்பிடியிலும் ஒரு சின்னத் திரை வைத்தேன், அதுவும் சிவப்பாகும். மற்ற நேரத்தில் ஓரமாக ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். மிகச் சிறிய கசிவுக்கே எச்சரிக்கும்படி வைத்திருந்தேன். பெரிதாக ஏதாவது நடப்பதற்கு முன்னால், கோட்டை மாட்டிக்கொண்டு நிதானமாக வெளியே நடந்து போக நேரம் இருக்கும்.

அணி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

ரஸ்ஸின் அணியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நான்தான் முதல் ஆள். முதல் இரண்டு கல்லை விடுவேன், பிறகு மற்றவர்கள் விடும் கல் இன்னும் தூரம் போவதற்காக அதற்கு முன்னால் ஐஸைத் துடைத்துக்கொண்டே ஓடுவேன். போன குளிர்காலம் மூத்தவர்களுக்கான மாகாணப் போட்டிக்குப் போவதற்கான கடைசி ஆட்டம். சமநிலை. ஓடிக்கொண்டிருந்த எங்கள் கல்லில் என் துடைப்பம் லேசாகப் பட்டது. யாரும் பார்க்கவில்லை. அது தப்பாட்டம், ஆனால் கர்லிங்கில் அதைக் கண்டுபிடித்து ஊத நடுவர் கிடையாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும். நான் கையைத் தூக்கிப் பட்டுவிட்டது என்றேன். எங்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். தோற்றோம். கை குலுக்கினோம், ஜெயித்தவர்கள் வழக்கப்படி எங்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தார்கள். ரஸ் என் தோளில் தட்டி, “நல்ல மனுஷன்டா நீ,” என்றான். நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், தோற்றுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அக்டோபரில் கிளப் திறந்தது. மாடியில் உட்கார்ந்து ரை விஸ்கி குடித்துக்கொண்டிருந்தேன். திரைகளின் அடியில் அறிவிப்பு ஓடுவதற்கு ஒரு வரி வைத்திருந்தேன். அதில் எப்படித் தட்டச்சு செய்வதென்று ரஸ்ஸுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த வரியில் கீலர் அணியின் இந்த வருஷப் பெயர்கள் வந்தன. நான்கு பெயர். நான்காவது பக்கத்து ஊர்ப் பல் டாக்டர்.

முதலில் தவறாக அடித்துவிட்டான் என்று நினைத்தேன். எழுந்துபோய் அடுத்த திரையைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான். என் ப்ரோக்ராமுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. நான் படித்த அதே நொடியில் அங்கிருந்த எல்லோரும் படித்தார்கள். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. பாரில் நின்ற பெண் நான் கேட்காமலே இன்னொரு ரை ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன்.

“டேய், சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றான்.

“எப்போ?”

“ஏதோ ஒரு நாள். உனக்கு வயசாயிடுச்சுடா. முட்டி போச்சு, கண்ணு போச்சு.”

“உனக்கும் அதே வயசுதான்.”

“நான் எங்க துடைக்கிறேன்? நின்ன இடத்துல நின்னு கத்துறேன், அவ்வளவுதான?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். “இங்க பாரு ஆல்டன். அன்னிக்கு யாருமே பாக்கல. ஒருத்தன்கூடப் பாக்கல. நீ ஏன் சொன்ன?”

“பட்டுச்சு. சொன்னேன்.”

“அதான். உன் யோக்கியத்தை மெடல் மாதிரிக் குத்திக்கிட்டு நீ வீட்டுக்குப் போயிட்ட. நாங்க மூணு பேரு தோத்துட்டுப் போனோம்.”

முன்பின் தெரியாதவன் இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவன் என் மனைவி இறந்த குளிர்காலம் முழுக்க, கதவைத் தட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல், விடிவதற்குள் வந்து என் வீட்டு வாசலில் பனி வாரிவிட்டுப் போனவன். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த உலகத்தில் எனக்கு ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். ‘நல்ல மனுஷன்டா நீ’ என்று தட்டிக்கொடுத்த கையாலேயே என் பெயரை எடுத்துவிட்டு, அதை என் திரையிலேயே போட்டுக் காட்டினான். வயிறு எரிந்தது, கார்ப்பரல். இப்போதும் எரிகிறது. அவன் செத்தால் அணைந்துவிடும் என்று நினைத்தேன், அணையவில்லை.

நவம்பரில் ரஸ் நகரத்திலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தான். உறுப்பினர்களுக்குப் புது வயர்லெஸ், கார்டில் காசு கட்ட வசதி, ஸ்கோர் இனிமேல் போனிலேயே வரும். என் ஸ்கோர் ப்ரோக்ராமை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தார்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டுமாம். ஒப்படைக்க என்னைக் கூப்பிட்டான். போனேன்.

வந்த ஆள் தாடி வைத்தவன், மரியாதை தெரிந்தவன். சுவரில் புதிதாக ஒரு ரவுட்டர் மாட்டியிருந்தான். ஒரு ஒயர் மாடிக்குப் போனது, இன்னொன்று ஐஸ் பக்கம். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. காசு கட்டுகிற வேலை நடக்கும் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்திருக்கிறான், நியாயம்தான். மாடித் திரைகளெல்லாம் அந்தப் பக்கம். டெல்பர்ட் வண்டியின் திரைக்கும் இப்போது வயர்லெஸ் மாடியிலிருந்து வருகிறது, ஆக அதுவும் அந்தப் பக்கம். கருவியும் என் மெஷினும் இந்தப் பக்கம். என் மெஷின் இனி எவ்வளவு கத்தினாலும் அந்த ரவுட்டரோடு சரி.

முன்பு ஸ்கோர் ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திரைக்குக் காது கேட்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஸ்கோர் அப்படியே உறைந்து நிற்கும், யாராவது சத்தம் போடுவார்கள். இப்போது எச்சரிக்கை மட்டும்தான். அது வாயைத் திறப்பதே இல்லை. செவிடாகிவிட்ட திரைக்கும் செய்தி எதுவும் இல்லாததால் சும்மா இருக்கிற திரைக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து தெரியாது. இரண்டிலும் பச்சைப் புள்ளிதான்.

சோதித்துப் பார்த்தார்கள். நான் கொடுத்த சோதனை ப்ரோக்ராமைத் தாடிக்காரன் மாடியில் நின்றபடியே தன் லேப்டாப்பில் ஓட்டினான். எல்லாத் திரையும் சிவந்தது. ஹாரன் அலறியது. கீழே டெல்பர்ட் தன் வண்டித் திரையைத் திருப்பிக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினார், “என் மூக்கு வேலை செய்யுதுடோய்!” என்று கத்தினார். கை தட்டினார்கள். பக்கத்து அறைக்குக் கேட்கிறதா என்று பார்க்க, இதே அறையில் நின்று கத்திப் பார்த்த கதைதான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற தப்பு. வெளி ஆளாக இருந்தால் கருவியில் ஊதிப் பார்த்திருப்பான்.

“ஆல்டன், எல்லாம் சரிதான?” என்று ரஸ் கேட்டான்.

“நீயே பாத்தியே.”

“உன் வாயால சொல்லுடா.”

“செவந்துச்சு. அலறுச்சு. வேற என்ன வேணும் உனக்கு?”

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொண்டதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

டிசம்பரில் டெல்பர்ட் வந்து புலம்பினார். இயந்திரத்தில் அம்மோனியா கசியாமல் அடைக்கிற சீல் ஒன்று தேய்ந்துபோயிருக்கிறது, மாற்ற வேண்டும், மாற்றினால் ஐஸ் உருகும், பெரிய போட்டி வருகிறது, ரஸ் சீசன் முடியட்டும் என்கிறான் என்றார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“முன்னல்லாம் பயந்திருப்பேன். இப்ப என்ன, உன் பொட்டி இருக்கே,” என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் என் கூண்டுக்கு வர ஆரம்பித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ரஸ்ஸின் மனைவி நொரீன் கீழே இறங்கி வந்து ஒரு கிண்ணம் சூப் வைத்தாள்.

“இந்தக் குளிர்ல தனியா என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க? மேல வா. அவன் உன்கிட்டப் பேசத் தவிக்கிறான். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறான்.”

“அவனுக்கா தெரியாது? திரையில போடச் சொல்லு.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. சூப் நன்றாக இருந்தது.

எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று கேட்பீர்கள். சீல் தேய்ந்தால் முதலில் லேசாகத்தான் கசியும். கருவி கண்டுபிடிக்கும், மணி அடிக்கும், என் மெஷின் கத்தும், மாடியில் ஒரு திரையும் சிவக்காது. பிறகு யாருக்காவது தெரியவரும். ரஸ் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் பக்கம் திரும்பாத முகமெல்லாம் அவன் பக்கம் திரும்பும். நான் விரும்பியது அவ்வளவுதான், யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. தாடிக்காரன் முட்டாள் இல்லை. சோதனையை என் கூண்டிலிருந்து ஓட்டத்தான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நான்தான், “கீழ ஐஸ் மாதிரிக் குளிருதுப்பா, இங்கயே ஓட்டிரு, ரெண்டும் ஒண்ணுதான்,” என்றேன். என் வயதுக்கு மரியாதை கொடுத்துத் திரும்பி ஏறி வந்தான். ரெண்டும் ஒண்ணுதான் என்பது பொய். மொத்தத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் கூண்டில் இருந்தேன். டெல்பர்ட் சாயங்கால ஆட்டத்துக்காக ஐஸ் சீவிக்கொண்டிருந்தார். மாடியில் ரஸ், நொரீன், இன்னும் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் சுவருக்குப் பின்னால் மணி அடித்தது. பிறகு என் திரை சிவந்தது. ‘அம்மோனியா கசிவு. எல்லோரும் வெளியேறவும்.’ அதற்குக் கீழே, செய்தி சரியாகப் போய்விட்டது என்று என் ப்ரோக்ராம் ஒரு வரி எழுதும். அதையும் எழுதியிருந்தது. பாருங்கள், ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. எல்லோருக்கும் அனுப்பியது. ரவுட்டருக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லோரும் அதைப் பெற்றுக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கூண்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெல்பர்ட் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கருவி காட்டிய அளவு குறைவாகத்தான் இருந்தது. பதறிப்போய் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பதற்றமே இல்லை. கொஞ்ச நேரம் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. கோட்டை மாட்டிக்கொண்டேன், கையுறையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். டெல்பர்ட் கோடியில் திரும்பி என் பக்கம் வர ஆரம்பித்தார். நான் கோட்டோடு நிற்பதைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவருடைய பச்சைப் புள்ளி எனக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை, ஆனால் அது பச்சையாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார். நானும் கையை ஆட்டினேன்.

பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். கூண்டின் விளக்கை அணைக்கவில்லை, மெஷின் ஓடும்போது அணைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீடு பக்கம்தான், நடந்து போய்விட்டேன். டீ போட்டுக்கொண்டிருந்தபோது தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டது. சீல் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வந்தது எல்லோருக்குமான செய்தி. நான் வெளியேறினேன். ஆல்டன் ப்ரோஸ், நீ போய் டெல்பர்ட்டைக் கூப்பிடு என்று அதில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய திரையை அவரிடமிருந்து பிரித்து வைத்தவன் ரஸ். நெட்வொர்க்கைப் பிரித்தவன் அவன், சீலை மாற்ற விடாதவன் அவன். டெல்பர்ட்டுக்காக நான் அழுதேன். இப்போதும் அவர் கொடுத்த டப்பா என் வீட்டில் இருக்கிறது, கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ரஸ் கீழே இறங்குவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். மாடியில் இருந்தவர்கள் வெள்ளையாகப் புகை எழும்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு முன்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். அவனும் அப்படியே போயிருக்கலாம். நொரீனை வெளியே தள்ளிவிட்டு அவன் மட்டும் ஐஸுக்கு இறங்கியிருக்கிறான்.

டெல்பர்ட் விழுந்துகிடந்தது தளத்தின் நடுவில். ரஸ் அவர் பக்கம் போகவே இல்லை என்கிறீர்கள். அவரைத் தாண்டி, புகை வந்துகொண்டிருந்த இடத்துக்கு நேராக ஓடியிருக்கிறான், என் கூண்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கிடந்தான் என்கிறீர்கள். படியில் இறங்கும்போது, “விளக்கு எரியுது, ஆல்டன் உள்ள இருக்கான்,” என்று கத்தினான் என்று நொரீன் சொல்கிறாளாம். சொல்லட்டும். புருஷனைப் பறிகொடுத்தவள், அவளுக்கு அப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. நான் அவளோடு வாதாடப் போவதில்லை.

ஆனால் அவனை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும், கார்ப்பரல். அவன் வந்தது என் மெஷினை அணைப்பதற்காகத்தான்.